கிடை வேனுக்குப் படப்பெட்டி வாங்கிய விவரம்

முகாம்: பசுவந்தனைக்கு மேற்கே,
கடற்கரை என்பவரின் புஞ்சை
ஆவணி மாதம், 2005

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி ஆறுமுகசாமி அவர்களின் சமூகத்துக்கு, கிடைக்காரன் பூவனலிங்கம் கைகூப்பி எழுதிக்கொண்டது.

இங்கு நானும், என் வீட்டுக்காரி ஆவுடைத்தாயும், தங்கள் மாப்பிள்ளை செல்வகணேஷும் சுகம். ஆடுகளும் சுகம், இரண்டுக்கு மட்டும் வாய்ப்புண், மஞ்சள் தடவியிருக்கிறோம். வேன் சுகமில்லை, அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். தூத்துக்குடியில் தாங்களும், தங்கச்சி சுந்தரம்மாளும், தங்கள் லாரி புக்கிங் ஆபீசும் ஒரு குறையுமில்லாமல் இருக்கச் செண்பகவல்லி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். மேலே கடற்கரை என்று போட்டிருப்பதைப் பார்த்து, ஆட்டு மந்தையை உங்கள் ஊருக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்று பதற வேண்டாம். கடற்கரை என்பது இந்தப் புஞ்சைக்காரரின் பெயர். மனிதர் கடலைப் பார்த்ததே இல்லையாம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். செல்வகணேஷ் வைத்திருக்கும் செல்போனுக்கு இந்தக் கரிசல் காட்டில் சிக்னல் கிடைக்க வேண்டுமானால் வேன் கூரைமேல் ஏறி நிற்க வேண்டும். என் வயதுக்கு நான் ஏறி நின்று பேசிய இரண்டு தடவையும் தங்கள் பக்கமிருந்து "ஹலோ, ஹலோ, சம்பந்தியா?" என்பது மட்டும்தான் கேட்டது. நான் சம்பந்தி என்று ஒப்புக்கொள்வதற்குள் லைன் போய்விட்டது. இரண்டாவது தடவை நானும் கூரையிலிருந்து போய்விட்டேன். கீழே சாணிக் குவியல் இருந்ததால் பிழைத்தேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் மகள் தீபலட்சுமிக்கு இது தலை ஆடி. வந்து அழைத்துப் போனீர்கள், அது முறை, நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் ஆடி போய் ஆவணியும் பாதி தேய்ந்துவிட்டது, மருமகள் இன்னும் வந்தபாடில்லை. "வாரேன், வாரேன்" என்று மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிறாளே தவிர, என்று வருவாள் என்று சொல்லவில்லை. இதற்கிடையில் ஆடி விருந்துக்கு வந்த செல்வகணேஷிடம் தாங்கள், "மாப்ளே, நம்ம ஆபீஸ்ல ஒரு நாற்காலி சும்மாதான் கிடக்கு" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பீர்கள். அன்றிலிருந்து பையன் பையனாக இல்லை. சாயங்காலம் கிடையை அடைக்கும்போது அவன் எண்ணுகிற எண்ணிக்கையும் நான் எண்ணுகிற எண்ணிக்கையும் ஒருநாளும் ஒத்துவருவதில்லை. மேய்க்கப் போனால் மந்தையைத் தூத்துக்குடி பஸ் போகிற ரோட்டுப் பக்கமாகவே ஓட்டுகிறான். அங்கே இருந்த புல்லெல்லாம் தீர்ந்து, ஆடுகள் இப்போது பஸ் கிளப்பும் புழுதியைத்தான் மேய்கின்றன. இவன் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டால் நானும் ஆவுடைத்தாயும் இத்தனை ஆட்டையும் கட்டி மேய்க்க முடியாது. மந்தையை எட்டயபுரம் சந்தையில் விற்றுவிட்டு, வீட்டில் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சொல்ல வெட்கப்படவில்லை சம்பந்தி, எனக்குப் பயமாக இருக்கிறது.

மருமகள் ஏன் வரவில்லை என்று ஆவுடைத்தாயிடம் கேட்டேன். பெண்களுக்குள் பேசியிருப்பார்கள் அல்லவா? அவள் சோளமாவைக் கிண்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பிள்ளைக்கு இங்கன பொழுது போகலையாம். வேன்ல உக்காந்து படம் பாக்கதுக்கு ஒரு பெட்டி இருந்தா ஒடனே வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் போனா." எனக்கு அப்போதே பாதிப் பயம் தெளிந்துவிட்டது. நகை கேட்கவில்லை, தனிக்குடித்தனம் கேட்கவில்லை, படம் பார்க்க ஒரு பெட்டி, அவ்வளவுதானே. வாங்கிவிட்டேன். எப்படி வாங்கினேன், எந்த மாதிரிப் பெட்டி, அதன் குணநலம் என்ன என்பதைத் தாங்கள் தெரிந்துகொண்டு மகளிடம் எடுத்துச் சொல்லி அனுப்பிவைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

தாங்கள் பட்டணத்துக்காரர் என்பதால் எங்கள் பிழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்கு முன்னால் இந்த மானாவாரிப் புஞ்சைகளில் ஆட்டை அடைத்துக் கிடை போட்டால் மண்ணுக்குச் சத்து. நிலம் வைத்து விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார், அவர் நிலத்தில் சில நாள் இருப்போம், தானியம் தருவார், அடுத்த ஊருக்கு நகருவோம். முன்பு எல்லாம் தலைச்சுமைதான். கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் வெயிலில் காயக்கூடாது என்று கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட வேனை வாங்கினேன். சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் அடுப்பு, நடுவில் துணிகட்டி மறைவு, பின்னால் பிறந்த குட்டிகளுக்குத் தடுப்பு என்று வீடு மாதிரியே செய்துவிட்டோம். ஓட்டுவது நான். டிராக்டர் ஓட்டிய கைதான், வேன் எம்மாத்திரம்? மஞ்சள் பெயிண்டை மட்டும் மாற்றவில்லை. அதனால் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் தாய்மார்கள் தலைவாரிப் பூவைத்த பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு ஊரில் நான் கவனிக்காமல் வேனை எடுத்துவிட்டேன். மூன்றாவது மைலில் பின்னாலிருந்து குட்டிகளோடு சேர்ந்து திருக்குறள் சொல்லும் சத்தம் கேட்டது.

பெட்டி வாங்கக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற டெல்வின் கடைக்குப் போனேன். டெல்வின் நல்ல பிள்ளை, ரேடியோ டி.வி. எல்லாம் பழுது பார்ப்பார், புதிதும் விற்பார். "அண்ணாச்சி, விசிடியா, டிவிடியா?" என்று கேட்டார். "எது மேடு பள்ளம் தாங்கும்?" என்று கேட்டேன். வித்தியாசம் சொல்லத் தொடங்கினார். ஒன்றில் படம் இரண்டு தட்டில் இருக்கும், இடைவேளையில் எழுந்துபோய் மாற்ற வேண்டும். இன்னொன்றில் முழுப் படமும் ஒரே தட்டு. எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஆடு வாங்கத்தான். அதனால் ஆடு வாங்குகிற மாதிரியே பெட்டியைத் தூக்கி எடை பார்த்தேன், முதுகைத் தடவினேன், தட்டினேன். டெல்வின் ஒரு பொத்தானை அமுக்கியதும் அது தானாகவே வாயைத் திறந்தது. வயதைத் தெரிந்துகொள்ளலாமே என்று குனிந்து பார்த்தேன், பல் ஒன்றுகூட இல்லை. "குட்டி போல" என்றேன். டெல்வின் சிரிக்காமல், "புது மாடல் அண்ணாச்சி" என்றார்.

கிடா வாங்கினால் மந்தையில் விட்டுச் சில நாள் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வோம், அதுபோலப் பெட்டியையும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்றேன். "கிடாவுக்குச் சரி அண்ணாச்சி, இது பிடிக்கலைன்னு திரும்பி வந்தா நான் என்ன செய்ய?" என்றார். அதைப் பேசி முடிக்கலாம் என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கைமேல் விரித்து, அடியில் விரலைப் பிடித்தேன். சந்தையில் விலை பேசுவது அப்படித்தானே, அக்கம்பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாது. டெல்வின் என்ன நினைத்தாரோ, நான் ஒரு விரலை அமுக்கியதுமே கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஜெபம் செய்யத் தொடங்கிவிட்டார். என் வேனுக்காகவும், ஆடுகளுக்காகவும், பெட்டிக்காகவும், பிரிந்திருக்கும் பிள்ளைகள் சேர வேண்டும் என்றும் ஜெபித்தார். என் குடும்ப விஷயத்தைக் கடைக்குள் நுழைந்ததுமே அவரிடம் கொட்டியிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சம்பந்தி. முடியும்போது கடையில் நின்ற எல்லாரோடும் நானும் ஆமென் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு குறைத்துக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? ஆனால் அவரும் மனமிரங்கி, "பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று பெட்டியைத் தந்துவிட்டார்.

முதல் பெட்டி பெரியது, பார்வைக்கு லட்சணமானது. ஆனால் அதற்கு வீட்டுக் கரண்டு வேண்டும். வேன் பாட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுவதற்கு இன்னொரு பெட்டி, படம் தெரிவதற்கு எங்கள் வீட்டு டி.வி., இவ்வளவையும் ஏற்றியதும் வேனுக்குள் ஆள் உட்கார இடமில்லை. கட்டிலைத் தூக்கி வெளியே போட்டோம். பொழுதடைந்து கிடை அடைத்தபின் படம் போட்டோம். தாயும் மகனும் சின்ன வயதில் திருவிழாவில் பிரிந்துபோகும் கதை. ஆவுடைத்தாய் டி.வி.க்கு நேர் எதிரே காலை நீட்டி உட்கார்ந்து, "தீபா உக்காந்தா எப்படித் தெரியும்னு நான் பாக்குதேன், மறைக்காதீங்க" என்றாள். தாயும் மகனும் பஸ் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்றும் அடையாளம் தெரியாமல் திரும்பப்போகிற கட்டத்தில் படம் சுருங்கி, ஒரு புள்ளியாகி, அணைந்துவிட்டது. பாட்டரி காலி.

மறுநாள் வேன் கிளம்பவில்லை. படத்துக்குப் போன கரண்டு வேனுக்கு இல்லாமல் போய்விட்டது. அடுத்த புஞ்சைக்காரர் எங்களை எதிர்பார்த்து வரப்பில் நிற்கிறார், முந்தின நாள் பிறந்த குட்டிகள் வேனுக்குள் கத்துகின்றன, தாய் ஆடுகள் வெளியே கத்துகின்றன. ஊரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னோம். ஊரும் மனமுவந்து தள்ளியது. தள்ளினவர்களில் பாதிப்பேர் முதலில் தங்கள் பிள்ளைகளை உள்ளே ஏற்றிவிட்டுத்தான் தள்ளினார்கள். ஆவுடைத்தாய்க்கு வேன் நின்றதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. "அந்தத் தாயும் பிள்ளையும் சேந்தாவளா இல்லையான்னு தெரியாம தீபா எப்படிக் கண்ணடைப்பா?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மருமகள்மேல் அவளுக்கு எவ்வளவு கரிசனம் என்று தாங்கள் தங்கச்சியிடம் சொல்ல வேண்டும்.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனேன். டெல்வின் யோசித்துவிட்டு, வண்டிக்கென்றே செய்த பெட்டி ஒன்றைக் கொடுத்தார். டிரைவர் பக்கத்தில் பொருத்தி, சின்னத் திரையை மேலே தொங்கவிட வேண்டும். பாட்டரிக் கரண்டிலேயே ஓடும், இஞ்சின் ஓடும்போது போட்டுக்கொண்டால் பாட்டரியும் தீராது என்றார். அதாவது போகும்போதே பார்க்கலாம். நல்ல யோசனைதான், ஆனால் கரிசல் ரோட்டைப் பற்றி டெல்வினுக்கு என்ன தெரியும்? கோடையில் விழுந்த வெடிப்பு இன்னும் மூடவில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் பெட்டிக்குள்ளே தட்டு துள்ளியது. கதாநாயகன் காதலியிடம் "நான் உன்னை" என்பான், வேன் குலுங்கும், மறுபடி "நான் உன்னை" என்பான். இடைசெவலில் தொடங்கி நாலு ஊர் தாண்டியும் அவன் முடிக்கவில்லை. செல்வகணேஷுக்கு அது மனதில் பட்டிருக்க வேண்டும், இறங்கி மந்தையோடு நடந்தே வருகிறேன் என்று போய்விட்டான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்தப் பெட்டிக்குத் திறக்கிற வாய் கிடையாது, தட்டை ஒரு கீற்று வழியாக உள்ளே தள்ள வேண்டும், விழுங்கிவிடும். விழுங்கியதைத் திருப்பித் தரவில்லை. பேனாக்கத்தியால் நெம்பினேன், ஆவுடைத்தாய் கொண்டை ஊசியை விட்டுப் பார்த்தாள், தரவில்லை. உள்ளே இருந்தது ஒரு சண்டைப் படம். அன்றிலிருந்து சாவியைத் திருகினால் முதலில் சண்டைதான் கிளம்பும், அப்புறம்தான் இஞ்சின் கிளம்பும். ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கிணற்றுத் தோட்டத்தை ஒட்டி மந்தை அமைதியாகப் படுத்திருந்தபோது, வேனை நிழலுக்கு நகர்த்தலாம் என்று சாவியைத் திருகினேன். "டேய்" என்று ஒரு கத்தல், நாலு குத்து, கண்ணாடி உடைகிற சத்தம். மந்தை ஒட்டுமொத்தமாக எழுந்து வேலியை உடைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் பாய்ந்துவிட்டது. மிளகாய்ச் செடியைப் பயத்தில் மிதித்ததோடு விட்டிருக்கலாம், போன இடத்தில் பயம் தெளிந்து கத்தரிச் செடியைத் தின்னவும் தொடங்கிவிட்டன. தோட்டக்காரர் அரிவாளோடு வந்தார். நான் காலில் விழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். அபராதமாக அவர் நிலத்தில் தானியம் வாங்காமல் கிடை போட்டுத் தருவது என்று பேசி முடித்தோம். அவர் வீட்டம்மா மட்டும் கடைசிவரை போகவில்லை, வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணாச்சி, அந்தச் சண்டையில யாருதான் செயிச்சது? இன்னொருக்கா சாவியத் திருகுங்களேன்" என்றாள். மாட்டேன் என்றுவிட்டேன்.

அந்தப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு மூன்றாவது தடவை போன என்னைப் பார்த்ததும் டெல்வின் தானாகவே கையை நீட்டினார், துண்டை விரிப்பேன் என்று. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவருடைய அக்காள் ஜீனா குவைத்தில் நர்சாக இருந்துவிட்டு வந்தவர், அன்றைக்குக் கடையில் இருந்தார். என் கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, "அண்ணாச்சிக்கு என் பெட்டியக் குடுத்துருடா. நான் கொண்டாந்ததுலருந்து அது சும்மாதான் கிடக்கு" என்றார். அதுதான் சம்பந்தி பெட்டி. புஸ்தகம் மாதிரி மூடலாம், திறந்தால் மேல் பக்கம் திரை, கீழ்ப் பக்கம் தட்டு. தனி டி.வி. வேண்டாம். உள்ளேயே பாட்டரி இருக்கிறது. வேனில் சிகரெட் பற்றவைக்க ஒரு துளை இருக்கிறதே, அதில் வயரைச் சொருகினால் வழியிலேயே சார்ஜ் ஏறிக்கொள்ளும். மடியில் வைத்துக்கொண்டால் குலுக்கல் நம் உடம்போடு போய்விடுகிறது, தட்டுக்குத் தெரிவதில்லை. தட்டைத் தின்றாலும் மூடியைத் திறந்து கையால் எடுத்துக்கொள்ளலாம்.

குறை என்று பார்த்தால் இரண்டு. திரை உள்ளங்கை அகலம்தான். முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து குனிந்ததில் செல்வகணேஷ் தலையும் என் தலையும் மோதி எனக்கு நெற்றி புடைத்துவிட்டது. இந்தப் புஞ்சைக்கு வந்ததும் செய்தி பரவி, கடற்கரையும் அவர் வீட்டு ஆட்களும் பக்கத்துப் புஞ்சைக்காரர்களும் வந்து வேனை மொய்த்துவிட்டார்கள். கடற்கரை படம் முடிந்ததும், "நல்ல படம் அண்ணாச்சி. எனக்கு முன்னால இருந்தவன் பிடரிதான் தெரிஞ்சுது, ஆனா நல்ல பிடரி" என்றார். இப்போது கிடைக்குக் கூப்பிட வருகிற சம்சாரிகள் ஆடு எத்தனை என்று கேட்பதில்லை, என்ன படம் வைத்திருக்கிறோம் என்றுதான் கேட்கிறார்கள்.

இரண்டாவது குறை, பாட்டரி இரண்டு மணி நேரம்தான் நிற்கிறது. நம் படங்கள் அதற்குள் முடிவதில்லை. வில்லனைப் பிடித்து உதைக்கிற நேரம் பார்த்துப் பெட்டி கண்ணை மூடிவிடும். வெளிநாட்டில் படம் சீக்கிரம் முடிந்துவிடும் போல. இதற்கு வழி கண்டுபிடித்தது ஆவுடைத்தாய். பாட்டு வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்கி ஓட்டிவிட்டால் கதை மட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. செல்வகணேஷ் கூடாது என்றான், இருக்கிற மனநிலையில் அவனுக்குப் பாட்டு மட்டும்தான் வேண்டும், கதை வேண்டாம். தாய்க்கும் மகனுக்கும் அதில் ஒரு சண்டை. "ஏலே, பாட்ட ஓட்டலைன்னா அவ புருசனுக்கு உண்மை தெரிஞ்சுதா இல்லையான்னு தெரியாமப் போயிரும்லே!" என்று அவள் கத்தியதில் குட்டிகள் எழுந்துவிட்டன. கடைசியில் கதை ஓடும்போது வெறும் பாட்டரி, பாட்டுக்கு மறுநாள் பயணத்தின்போது வேன் கரண்டு என்று நான் தீர்ப்புச் சொன்னேன். இரண்டு பேருக்கும் சம்மதம்.

பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழமும் கட்டியாகிவிட்டது. ஆவுடைத்தாய் அதைப் பழைய சேலையில் சுற்றி மடியைவிட்டு இறக்குவதில்லை. மருமகள் வரும்வரை பெட்டி நன்றாக ஓடுகிறதா என்று தினமும் ஒரு படம் போட்டுச் சோதித்துவிடுகிறாள். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது, போதும் என்றாலும் கேட்பதில்லை. "பிள்ளை வந்து போடும்போது நின்னுபோச்சுன்னா நம்மளப் பத்தி என்ன நெனப்பா?" என்கிறாள். முதல் பெட்டியில் நின்றுபோன அந்தத் தாய் மகன் படத்தையும் தேடிப்பிடித்து வாங்கச் சொல்லி, கடைசிவரை பார்த்து அழுது தீர்த்துவிட்டாள். எல்லாம் தீபாவுக்காக. இப்படி ஒரு மாமியாரைத் தாங்கள் தூத்துக்குடி முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது.

ஆகவே சம்பந்தி அவர்கள், பெட்டி தயார், பாட்டுக்கு ஏற்பாடு தயார், என்ன படம் வேண்டும் என்று மருமகள் சொன்னால் டெல்வின் வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்ற விவரங்களை அவளிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லி, நல்ல நாள் பார்த்துப் பஸ் ஏற்றிவிட வேண்டும். தகவல் வந்தால் நானே வேனை எடுத்துக்கொண்டு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பேன். தங்கள் ஆபீஸ் நாற்காலியில் தகுதியான வேறு ஒருவரை உட்காரவைக்கும்படியும் தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். தங்கச்சிக்கு என் அன்பு. வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எங்கள் பக்கம் நேரத்துக்கு மழையும், உங்கள் பக்கம் நேரத்துக்கு லாரியும் வந்து சேர வேண்டும் என்று பிரார்த்திக்கும்,

தங்கள் சம்பந்தி,
பூவனலிங்கம்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். கவருக்குள் போட்டு, சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டப்போகிற நேரம், வண்டிப்பாதையில் கையில் பையோடு தங்கள் மகள் வந்துகொண்டிருந்தாள். பசுவந்தனையில் இறங்கி, பள்ளிக்கூட வேன் எங்கே நிற்கிறது என்று கேட்டு நடந்தே வந்திருக்கிறாள். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "சாவியத் தாங்க மாமா" என்றாள். எதற்கு என்று புரியாமலே கொடுத்தேன். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வேனைப் பின்னால் எடுத்து, கடற்கரையின் புஞ்சையை வரப்போரமாகவே ஒரு சுற்றுச் சுற்றி, வேப்பமர நிழலில் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்னால் இருந்த குட்டிகள் விழிக்கக்கூட இல்லை. செல்வகணேஷ் வாயைத் திறந்தபடி நின்றான், மந்தை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நீங்க ஓட்டுத வேன்ல இனிமே உக்காந்தா என் இடுப்பு என்கிட்ட இருக்காது மாமா. அதான் லைசென்ஸ் எடுத்துட்டே வரணும்னு இருந்துட்டேன். பெயிலாப் போனா நீங்க எல்லாரும் சிரிப்பீங்கன்னு அப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள். தங்களுக்குத் தெரிந்திருக்கிறது! நான் கூரையிலிருந்து விழுந்தபோதும் தெரிந்திருக்கிறது! சரி, இருக்கட்டும். இனி செல்வகணேஷ் எங்கும் போகமாட்டான், மந்தையும் போகாது, எனக்கு அது போதும். ஸ்டீரிங்கை நான் தொடக்கூடாது என்பது மருமகள் உத்தரவு.

சந்தோஷத்தில் நான் பெட்டியை எடுத்துக் காட்டி, "நீ கேட்டதும் தயாரா இருக்கு" என்றேன். "நானா? நான் எப்ப மாமா கேட்டேன்? படம் பாத்தா எனக்குத் தலைவலில்லா வரும்" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். இப்போதுதான் தண்ணீர் குடித்த ஆடுகளுக்கு ஆவுடைத்தாய் மறுபடியும் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள், முதுகை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு. தீபாவும் அந்த முதுகைப் பார்த்தாள். பிறகு சத்தமாக, அந்தப் பக்கம் கேட்கும்படி, "ஆமா மாமா, மறந்தே போயிட்டேன். நான்தான் கேட்டேன்" என்றாள். பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் சம்பந்தி.

இந்தக் காட்டில் முப்பது வருஷமாக என் பின்னால் நடந்தவள், தனக்கென்று வாய்திறந்து கேட்டது இது ஒன்றுதான், அதையும் மருமகள் பெயரில் கேட்டிருக்கிறாள். நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. அதனால் தங்களுக்கு ஒரே வேண்டுகோள். எங்காவது பேச்சு வந்தால், "ஆமா தங்கச்சி, இங்கன இருக்கும்போதும் தீபா படம் படம்னுதான் உயிர எடுத்தா" என்று ஆவுடைத்தாயிடம் அடித்துச் சொல்லிவிடுங்கள். நான் நம்பிவிட்டேன் என்று ஆவுடைத்தாய் நம்பிக்கொண்டிருக்கிறாள்.